மழையில் நனைந்த மின்சாரம்

தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது என்றாவது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? தண்டவாளத்துக்கு மேலே ஒரு கம்பி ஓடுகிறது. வண்டியின் கூரையில் உள்ள மடக்குச் சட்டம் அந்தக் கம்பியை உரசியபடியே வருகிறது. வீட்டில் உள்ள விளக்குக்கு மின்சாரம் கொடுப்பது எளிது. விளக்கு ஓரிடத்தில் நிற்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு எப்படி இணைப்புக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குச் சென்னை முதலில் கண்ட விடை தவறிப்போனது. அந்தக் கதை சுவையானது.

1895 மே மாதம் சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவில் அப்போது குதிரைகள்தாம் டிராமை இழுத்துக்கொண்டிருந்தன. லண்டன் மாநகருக்கும் மின்சார டிராம் 1901இல்தான் வந்தது. சென்னை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்!

அந்த டிராமுக்குத் தலைக்கு மேல் கம்பி கிடையாது. மின்சாரம் தரைக்கு அடியில் இருந்தது. சாலையில் ஒரு நீண்ட பிளவு; அதன் கீழே ஒரு கால்வாய்; கால்வாய்க்குள் மின்கடத்திகள். வண்டியின் அடியிலிருந்து ஏர்க்கொழு போன்ற ஓர் உறுப்பு பிளவின் வழியே இறங்கி, கடத்தியைத் தொட்டுக்கொண்டே நகரும். தெருவின் அழகு கெடாது, கம்பி அறுந்து யார் தலையிலும் விழாது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் குறையே தெரியாத ஏற்பாடு.

ஆனால் நம் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதங்கள் உண்டே! வடகிழக்குப் பருவமழை கொட்டியதும் கால்வாய் நிரம்பியது. சென்னை தட்டையான ஊர். நீர் தானாக ஓடி வடிவதற்குச் சரிவு போதாது. அதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தெருநீரிலோ உப்பும் அழுக்கும் கரைந்திருக்கும். அது நன்றாகவே கடத்தும். கடத்தியைத் தாங்கும் பீங்கான் காப்புகளின் மேல் சேறு படிந்தால் அதுவே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். வண்டியின் மோட்டாருக்குப் போகவேண்டிய மின்னோட்டம் மண்ணுக்குள் கசியும். கசிவு அதிகமானால் உருகி எரிந்துவிடும். அந்த உருகியின் வழியே மின்சாரம் பெறும் வண்டிகள் அத்தனையும் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட பழுதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக இணைப்பை நீக்கிப் பார்க்க வேண்டும். எந்தத் துண்டை நீக்கியதும் கசிவு நிற்கிறதோ, பழுது அங்கே இருக்கிறது. மழைநாளில் உங்கள் வீட்டில் உருகி மீண்டும் மீண்டும் போனால் மின்பணியாளர் செய்வதும் இதேதான். ஆனால் கால்வாய் முழுவதுமே நனைந்து கிடக்கும்போது எந்தத் துண்டைக் குற்றம் சொல்வது?

இந்தத் தொல்லை சென்னைக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் 1885இல் இதே முறையைத்தான் அமைத்தார்கள். கடல்நீரும் மணலும் கால்வாயில் புகுந்து படாத பாடு படுத்தின. 1899இல் அவர்கள் மேல்கம்பிக்கு மாறினார்கள். லண்டனிலோ கால்வாய் முறை 1952 வரை நீடித்தது. அங்கே கால்வாய் நீர் பாதாளச் சாக்கடைக்கு வடிந்தது. செலவழிக்கப் பணமும் இருந்தது. ஆகவே முறையைப் பழிப்பது சரியல்ல, அது அமைந்த மண்ணையும் மழையையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சென்னையும் சில ஆண்டுகளில் கால்வாயைக் கைவிட்டு மேல்கம்பிக்கு மாறியது. அதற்குப்பின் டிராம் 1953 ஏப்ரல் வரை ஓடியது. அது நின்றதற்குக் காரணம் மழையல்ல, நட்டம்.

இதற்கிடையில் 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்தது. அதற்கு 1500 வோல்ட் நேர்மின்னோட்டம். மேலே கம்பி இல்லாத பக்கப் பாதைகளுக்குச் செல்ல, எஞ்சினோடு பாட்டரிகள் நிறைந்த ஒரு வண்டியையும் கோத்து அனுப்பினார்கள். தன் மின்சாரத்தைத் தானே சுமந்து சென்ற ரயில்!

1960களில் அந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. ஏன் இவ்வளவு உயர்ந்த அழுத்தம்? ஒரு வண்டிக்குப் பத்து லட்சம் வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வோல்ட்டில் கொடுத்தால் 2000 ஆம்பியர் ஓடவேண்டும். 25,000 வோல்ட்டில் 40 ஆம்பியர் போதும். கம்பி சூடாவதால் வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் 50 மடங்கு குறைந்தால், அதே கம்பியில் இழப்பு 2500 மடங்கு குறையும்! ஆனால் இத்தனை வோல்ட்டைச் சேற்றுக் கால்வாயில் வைக்க முடியுமா? காற்றே சிறந்த காப்பு. மழை நின்றதும் பீங்கான் காப்புகளிலிருந்து நீர் தானே வடிந்துவிடும்.

பறக்கும் ரயில் பாதை 2007இல் வேளச்சேரி வரை நீண்டபோது, பக்கிங்காம் கால்வாயும் பள்ளிக்கரணைச் சதுப்பும் அருகிலிருக்கும் தரமணிக்கும் அதே 25,000 வோல்ட் வந்தது. அடுத்த முறை அங்கே நிற்கும்போது கம்பியை உற்றுப் பாருங்கள். அது நேராக ஓடவில்லை, கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாகச் சற்றே வளைந்து வளைந்து செல்கிறது. நேராக இருந்தால் மடக்குச் சட்டத்தின் கரிப்பட்டையில் ஒரே இடம் தேய்ந்து பள்ளமாகிவிடும்.