கதைவழிப் பொருளியல் கல்வி

விலை, கூலி, சேமிப்பு, முற்றுரிமை முதலிய அடிப்படைப் பொருளியல் கருத்துகளைச் சிறார் கதைகள் மூலம் வகுப்பறையில் கற்பிக்கும் முறை. இலக்கணம்போல வரையறைகளை ஒப்பிக்கவைப்பதைவிட இதுவே சிறந்தது.

இதற்கு இந்திய மண்ணிலும் பழைய முன்மாதிரி உண்டு. மூன்று அரசகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மன் கற்பித்ததாக அமைந்த பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரம், உள்ள பொருளை எப்படிப் பெருக்குவது என்று தென்னாட்டு வணிகன் வர்த்தமானன் ஆராய்வதில் தொடங்குகிறது. தாண்டவராய முதலியார் இந்நூலை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் தந்தார் (1826).

ஐரோப்பாவில் ஜேன் மார்செட் 1816இல் மாணவியும் ஆசிரியையும் உரையாடும் வடிவில் பொருளியலை எழுதினார். அதைப் படித்து ஊக்கம்பெற்ற ஹாரியட் மார்ட்டினோ, 1832–34இல் மாதந்தோறும் ஒன்றாக இருபத்தைந்து கதைப் பகுதிகளை வெளியிட்டார். அவற்றுள் 'கறுவாவும் முத்தும்' (1833) தமிழருக்கு நெருக்கமானது, களம் இலங்கை. கறுவாத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் ஏழைகள் அந்தப் பட்டையை உரித்து விற்க முடியாது. அது அரசின் முற்றுரிமை. நாயகன் ராயோ முத்துக்குளிக்கப் போகிறான். முற்றுரிமை குடியேற்ற நாட்டையும் ஆளும் நாட்டையும் சேர்த்தே ஏழையாக்கும் என்பது கதையின் வாதம். கறுவா முற்றுரிமை அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

மன்னார் வளைகுடாவின் இக்கரையில், பெரியதாழை முதலிய ஊர்கள் அடங்கிய முத்துக்குளித்துறையிலும் இதே பாடத்துக்கான பொருள் நிறைந்து கிடக்கிறது. முத்துப்பாரை அரசு சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே சலாபம் (முத்துக்குளிப்பு) அறிவித்தது. பல ஆண்டுகள் சலாபமே இராமல் போயின. குளிப்பவர் கல்லில் கால்வைத்து, கயிற்றைப் பிடித்தபடி ஐந்து முதல் பத்து பாக ஆழம் வரை இறங்கினார். அவருக்குக் கூலி காசாக அல்ல, சிப்பியாகவே பங்கில் கிடைத்தது. அரசின் பங்கு, சிப்பியைத் திறக்காமல் ஆயிரக் கணக்கில் ஏலம் போனது. உள்ளே முத்து உண்டா இல்லையா என்று தெரியாமலே வணிகர் விலை கேட்டனர். குளித்தவரோ, தம் பங்கை அப்படியே விற்பதா, திறந்து பார்ப்பதா என்று கரையிலேயே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. எதிர்பார்ப்பு, துணிவு, விலை மூன்றையும் ஒருசேரக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தூத்துக்குடிக் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. இக்கரையின் வணிகத்தை விரிவாகச் சொல்லும் ஜோ டி குருஸின் 'கொற்கை' (2009) பெரியவர்களுக்கான நாவல்; அதிலிருந்து பகுதிகளைத் தேர்ந்துதான் வகுப்பில் பயன்படுத்தலாம்.

அமெரிக்க வகுப்புகளில், கிடைத்த ஒரு டாலரைச் சிறுகச் சிறுகச் செலவழித்துவிடும் சிறுவனைப் பற்றிய ஜூடித் வியோர்ஸ்டின் படக்கதை (1978) பயன்படுகிறது. தமிழ்நாட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பொருளியல் சமூக அறிவியலின் ஒரு பகுதியாக உள்ளது; இத்தகைய கதைகளை அங்கே பயன்படுத்தலாம்.