வைக்கோலின் கணக்கு

பண்டைய எகிப்து என்றதும் நம் மனத்தில் எழுவது கல். பிரமிடுகளும் ஆலயங்களும் கல்லால் ஆனவை என்பதால் நேர்ந்த மயக்கம் இது. மக்களின் வீடுகளும் மன்னர்களின் அரண்மனைகளும் வெயிலில் உலர்த்திய, சுடாத செங்கல்லால் எழுந்தவை. நைல் வண்டல், மணல், நறுக்கிய வைக்கோல், நீர்: இவ்வளவே சேர்மானம். அக்கல்லைக் குறித்த எகிப்தியச் சொல்லே காப்டிக், அரபு மொழிகளின் வழியே ஸ்பெயினை அடைந்து 'அடோபி' ஆயிற்று.

மண்ணுக்கு வைக்கோல் எதற்கு? களிமண் உலரும்போது சுருங்கும், சுருங்குகையில் வெடிக்கும். அழுத்தும் பாரத்தைத் தாங்கும் மண், இழுவிசையைத் தாங்காது. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இழைகள் சுருக்கத்தைக் கல் முழுவதும் பரவச் செய்கின்றன. விரிசல் தோன்றினாலும் அது வளராதபடி இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. லக்சரின் மேற்குக் கரையில், கிமு 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ராமேசியம் ஆலயக் கிடங்குகளின் மண் வளைகூரைகள் சில இன்றும் நிற்கின்றன.

ஆனால் வைக்கோலை யாரேனும் கொண்டுவர வேண்டும். லூவர் அருங்காட்சியகத்திலுள்ள தோல் சுருள் ஒன்று, இரண்டாம் ராம்சேசின் 5ஆம் ஆட்சியாண்டில் 40 மேற்பார்வையாளர்களுக்குத் தலைக்கு 2,000 கற்கள் என விதிக்கப்பட்ட கணக்கைப் பதிந்திருக்கிறது. அதே நூற்றாண்டின் பாப்பிரஸ் ஒன்றில், தொலைவிடத்தில் பணியாற்றும் அதிகாரி, கல் அறுக்க ஆளுமில்லை, வட்டாரத்தில் வைக்கோலுமில்லை என்று முறையிடுகிறார். இந்தப் பின்னணியில் விவிலியத்தின் யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். பார்வோன் வைக்கோலை நிறுத்துகிறான். கற்களின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அடிமைகள் வயல்களில் தாளடி பொறுக்க அலைகிறார்கள். சேர்மானத்தில் ஒரு பொருளை மறுப்பதே அங்கு தண்டனையாகிறது.

அந்த அதிகாரத்தை ஒரு வேதியியலாளரும் வாசித்தார். கார்பொரண்டத்தைக் கண்டறிந்த அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கோலை நீரில் கொதிக்கவைத்து, அச்சாற்றைக் களிமண்ணில் கலந்தார். மண் நன்கு குழைந்தது; உலர்ந்தபின் உறுதியும் கூடியது. அதற்கு அவர் இட்ட பெயர் 'எகிப்தாக்கப்பட்ட களிமண்'. இழை மட்டுமன்று, ஊறிய சாறும் வேலை செய்கிறது என்பது அதனால் விளங்கிற்று.

1945இல், ராமேசியத்துக்கு அருகிலேயே புதிய குர்னா கிராமத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி. போர்க்காலம் இரும்பையும் மரத்தையும் அரிதாக்கியிருந்தது. நூபியக் கொத்தர்கள் மரச்சாரமின்றியே வளைகூரை எழுப்பினார்கள். அதற்கான கற்கள் 25 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிமனும் கொண்டவை, எடை குறைய வழக்கத்தைவிட மிகுதியாக வைக்கோல் சேர்த்தார்கள். ஈரத்திலேயே விரலால் இரு கோடுகள் இழுத்துவிட்டால், சேற்றுப் பூச்சில் கல் ஒட்டிக்கொள்ளும்.

கிராமம் முற்றுப்பெறவில்லை. கல்லறைகளின்மேல் வாழ்ந்து, அவற்றால் பிழைத்துவந்த மக்கள் பலர் இடம்பெயர மறுத்தார்கள். அஸ்வான் உயர் அணை 1970இல் முடிந்தபின் புது வண்டலும் வரவில்லை. ஆயினும் ஃபாத்தி 1973இல் வெளிவந்த தம் நூலில் எழுப்பிய வினா எஞ்சியிருக்கிறது: ஏழை தன் வீட்டைத் தன் காலடி மண்ணால் கட்டிக்கொள்ள முடியுமா?

மண் எங்கும் கிடைக்கும். வைக்கோலோ மாட்டுத் தீவனமும்கூட. பார்வோனின் சூளையற்ற களங்களிலும் குர்னாவிலும் சுவரின் உறுதி, அந்த ஒரு பிடி வைக்கோல் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது.