எரித்த பின்னும் எஞ்சியது: கொலோசஸ் மீட்கப்பட்ட வரலாறு

போர் முடிந்தபின் பீரங்கிகள் பூங்கா வாயில்களில் காட்சிக்கு நிற்கும். வானொலி ஒட்டுக்கேட்புக் கருவிகளுக்கு அந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை. எதிரியின் பேச்சைக் கேட்டோம் என்பதே வெளியில் தெரியக்கூடாது என்பதால், கருவியோடு அதன் நினைவும் சேர்த்து அழிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இயங்கிய கொலோசஸ் அவ்வாறு அழிக்கப்பட்ட ஒன்று. அதை மீண்டும் உருவாக்கியவர்கள் ஒரு வரலாற்றுப் பிழையையும் திருத்தினார்கள் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியத் தலைமையகம் தன் உயர்மட்டச் செய்திகளை லோரன்ஸ் என்னும் சங்கேத இயந்திரத்தின் வழியே டெலிபிரிண்டரில் அனுப்பியது. கென்ட் மாவட்டத்து நாக்ஹோல்ட் நிலையத்தில் அவ்வலைகளைப் பிடித்து, காகித நாடாவில் பதிந்து, பிளெட்ச்லிக்கு அனுப்பினர். 1941 ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஜெர்மானிய இயக்குநர், ஏறத்தாழ 4,000 எழுத்துகள் கொண்ட செய்தியைச் சில சுருக்கங்களுடன், அதே சக்கர அமைப்பிலேயே இரண்டாம் முறை அனுப்பினார். அந்த ஒரு சோம்பல் போதுமாயிற்று. ஜான் டில்ட்மன் இரு செய்திகளையும் பிரித்தெடுத்தார். அதிலிருந்து பில் டட் என்னும் இளைஞர், அவ்வியந்திரம் பன்னிரண்டு சக்கரங்கள் கொண்டது என்பதை, அதைக் கண்ணால் காணாமலேயே உய்த்துணர்ந்தார்.

சக்கரங்களின் தொடக்க நிலையைக் கையால் கண்டறிய வாரக்கணக்கில் ஆகும். அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் வால்வுகளால் ஓர் இயந்திரம் சமைக்க முன்வந்தார். வால்வுகள் அடிக்கடி பழுதாகும் என்று பலரும் தயங்கினர். அவற்றை அணைக்காமலே வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும் என்பது தொலைபேசித் துறையில் அவர் பெற்ற அனுபவம். 1944 தொடக்கத்தில் முதல் கொலோசஸ் பிளெட்ச்லிக்கு வந்தது. நொடிக்கு 5,000 எழுத்துகளை நாடாவிலிருந்து படித்தது. நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்னர், ஜூன் 1 அன்று, ஏறத்தாழ 2,400 வால்வுகள் கொண்ட இரண்டாம் வடிவம் இயங்கத் தொடங்கியது. போர் முடிகையில் இவை பத்து இருந்தன.

பிறகு வந்தது அழிவு. எட்டு இயந்திரங்கள் கழற்றப்பட்டன; எஞ்சிய இரண்டும் 1960 வாக்கில் மறைந்தன. வரைபடங்களை ஃபிளவர்ஸே, மேலிடத்து ஆணைப்படி, உலையில் இட்டு எரித்தார். இயந்திரங்களை இயக்கிய கடற்படைப் பெண்கள் வீட்டாரிடமும் வாய் திறக்கவில்லை. 1946இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் எனியாக், முதல் மின்னணுக் கணினி என்னும் பெயரைப் பாடநூல்களில் தட்டிச் சென்றது. 1970களின் நடுவில் சில புகைப்படங்கள் வெளியான பின்னும் பொறியாளர்களின் சொல்லுக்குக் கருவிச் சான்று ஏதுமில்லை.

1993இல் டோனி சேல் மீட்புப் பணியைத் தொடங்கினார். கையிலிருந்தவை 1945இல் எடுத்த எட்டுப் புகைப்படங்களும், சில பொறியாளர்கள் விதியை மீறி ஒளித்து வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகளும்தாம். ஒளிமின் நாடாப் படிப்பியை முதலில் வடிவமைத்த ஆர்னால்டு லிஞ்ச், எண்பது வயதை ஒட்டிய நிலையில், அதை மீண்டும் வடிவமைத்துத் தந்தார். இன்னொரு நற்பேறும் வாய்த்தது. கொலோசஸ் தொலைபேசி இணைப்பகத்துப் பாகங்களால் கட்டப்பட்டது. அதே வகைப் பழைய இணைப்பகங்கள் அப்போதுதான் கழித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. குப்பைக்குப் போகவிருந்த ரிலேக்களும் சட்டங்களும் பிளெட்ச்லிக்கு வந்து சேர்ந்தன.

1996 ஜூன் 6 அன்று இயந்திரம் முதன்முறை இயக்கப்பட்டபோது ஃபிளவர்ஸ் அருகில் இருந்தார். இரண்டாண்டுகளில் அவர் மறைந்தார். 2007இல் பணி முழுமை பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியின் பாடர்போர்னிலிருந்து லோரன்ஸ் சங்கேதச் செய்திகள் வானொலியில் அனுப்பப்பட்டன. பான் நகரத்து மென்பொருளாளர் ஒருவர் தம் கணினியால் முந்திக்கொண்டார். கொலோசஸும் சில மணி நேரத்தில் விடையைக் கண்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளியில் இது தோல்வியன்று.

தேடல் அத்துடன் நிற்கவில்லை. 2016இல் ஈபே தளத்தில் ‘தந்தி இயந்திரம்’ என்று ஒரு விளம்பரம் வந்தது. அருங்காட்சியகத் தொண்டர்கள் எசெக்ஸ் மாவட்டத்து சவுத்எண்டுக்குச் சென்று பார்த்தால், கொட்டகைத் தரையில் கிடந்தது லோரன்ஸ் டெலிபிரிண்டர். விலை 9.50 பவுன். பத்துப் பவுனைக் கொடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

புதிதாகக் கட்டியதை மூல இயந்திரம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு ஒரு நூலைப் பதிப்பிப்பவர், அதை எழுதிய புலவராகிவிடுவதில்லை. ஆயினும் அவரின்றி நூல் நமக்கில்லை. சேலின் பணி அத்தகையது. இயங்கும் ஓர் இயந்திரத்தின் முன் பாடநூல்கள் தம் கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆணைக்குப் பணிந்தவர்கள் எரித்தார்கள். வரலாற்றைக் காத்தவை பணியாதோர் ஒளித்து வைத்த காகிதத் துண்டுகள். பரணில் கிடக்கும் பெயர் தெரியாத பெட்டியைக் காயலான் கடைக்கு எடை போடும் முன், அதன் ஆணிகளை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம்.