கட்டணமில்லா அலையும் கட்டண வானமும்

பாலிங் என்றதும் வரலாறு பயின்றோர் நெஞ்சில் முதலில் எழுவது, 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் இங்குள்ள ஆங்கிலப் பள்ளியொன்றில் நடைபெற்ற பேச்சுவார்த்தையேயாகும். துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் ஒருபுறமும், சின் பெங் முதலிய கம்யூனிஸ்டுத் தலைவர்கள் மறுபுறமும் அமர்ந்த அக்காட்சியை, அருகிலிருந்த தோட்டத்து மக்கள் தத்தம் வீட்டில் படமாகக் கண்டாரிலர். பிறர் வாய்ச் செய்தியாகவே கேட்டனர். சரியாக எட்டாண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 28ஆம் நாளில், 1963இல், கோலாலம்பூரில் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 1978இல் அது வண்ணம் பூண்டதும் டிசம்பர் 28ஆம் நாளிலேயாம். இவை தற்செயலாய் அமைந்தவையே. எனினும் மாணாக்கர்க்கு ஆண்டுகளை மனத்தில் நிறுத்த இதனினும் நல்ல உபாயத்தை நான் கண்டதில்லை.

நான் எழுத எடுத்துக்கொண்டது பெரிய வரலாறன்று. எம் வட்டாரத்துக் கூரைகளின்மேல் படம் எவ்வாறு வந்திறங்கிற்று, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்னும் சிறிய வரலாறே.

கேட்பதற்குக் காசு கொடுக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதியதன்று. 1949இல் சிங்கப்பூரில் தொடங்கி மலாயாவின் பெருநகர்களிலும் பரவிய ரெடிபியூஷன், கம்பிவழி வானொலியை மாதக் கட்டணத்திற்கு வீடுகளுக்கு வழங்கிற்று. அக்கம்பி நகரத்து எல்லையைக் கடந்து இரப்பர்க் காட்டுக்குள் வந்ததில்லை. தோட்டத்தார்க்கு வாய்த்தது காற்றில் வந்த அலையே. தொலைக்காட்சியும் அவ்வாறே வந்தது. கெடாவின் மேற்கே கடலை நோக்கி நிற்கும் ஜெராய் மலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியிலிருந்து பரப்பப்பட்ட அலை சமவெளியாகிய சுங்கைப் பட்டாணிக்குத் தெளிவாகச் சென்றது. குன்றுகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் எம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வரும்போது இளைத்துப் போயிற்று. ஒரே பாடகர் மூவராய்த் தெரிவார். மூங்கில் கழியின் முனையில் அலுமினிய வாங்கியைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று திருப்ப, வீட்டினுள் இருப்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கூவுவது எம் இளமையின் அன்றாட ஓசைகளுள் ஒன்று.

நான் பிறந்த தோட்டத்தில் கிராணியார் வீட்டிலும் சமூக மண்டபத்திலும் மட்டுமே பெட்டி இருந்தது. மின்சாரம் மாலையில் சில மணி நேரமே. அதுவும் தோட்டத்து இயந்திரம் தந்தது. தமிழ்ப்படம் காட்டப்படும் நாளில் லயமே மண்டபத்தில் கூடிவிடும். படம் முடியுமுன் இயந்திரத்தை நிறுத்திவிட்டால், எஞ்சிய கதையை மறுநாள் பெரட்டுக் களத்தில் ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொள்வார்கள். அவற்றுள் சில, படத்தின் உண்மையான முடிவைவிட நன்றாகவே இருந்தன.

அதுவும் முற்றிலும் இலவசமன்று என்பதை ஈண்டுச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 24 வெள்ளி கட்டித் தொலைக்காட்சி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டில்தான் அக்கட்டணம் நீக்கப்பட்டது. மரம் சீவி நாட்கூலி பெற்ற குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. உரிமச் சோதனைக்கு ஆள் வருகிறார் என்ற பேச்சு எழுந்தால், பெட்டிமீது சேலையைப் போர்த்திய வீடுகளை நான் அறிவேன். எங்கள் வீடும் அவற்றுள் ஒன்றே.

பிறகு 1996 வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் மீசாட்-1 என்னும் துணைக்கோள் ஏவப்பட்டு, அதன் வாயிலாக ஆஸ்ட்ரோ மாதக் கட்டணத் தொலைக்காட்சியைத் தொடங்கிற்று. குன்று குறுக்கே நின்றால் என்ன, அலை வருவது வானத்திலிருந்து! நம் நாட்டிலிருந்து பார்க்க அத்துணைக்கோள் ஏறக்குறைய உச்சிவானில் நிற்பதால், தட்டும் மழைநீரை ஏந்துவதுபோல மேல்நோக்கியே இருக்கும். கனமழை பெய்தால் படம் நின்றுவிடும் என்பதை அறியாத மலேசியர் இலர். அவ்வலையின் நீளம் மிகக் குறுகியதாதலால் அடர்ந்த மழைத்துளிகள் அதனை உறிஞ்சிவிடுகின்றன.

மழையைப் பொறுத்துக்கொண்டு மக்கள் அதனை நாடியது ஏன்? தமிழுக்காகவே என்பேன். அரசுத் தொலைக்காட்சியின் இரண்டாம் அலைவரிசையில் தமிழ்ச் செய்தியும், படமும், சில நிகழ்ச்சிகளுமே கிடைத்தன. ஆஸ்ட்ரோவிலோ வானவில், சன் தொலைக்காட்சி என முழுநாளும் தமிழ். தாய்மொழியை நாள்முழுதும் கேட்க மாதந்தோறும் பணம் கட்டிய மக்கள் எம் பாட்டாளிகள். நகரத்து மேதாவிகள் சிலர் இதனை வீண்செலவென்று இகழ்ந்தனர். யானும் ஒருகால் அவ்வாறு பெற்றோர் கூட்டத்தில் பேசியதுண்டு. பயிற்சிநூல் வாங்கப் பணமில்லை என்ற தந்தையின் கூரையில் தட்டைக் கண்டு சினந்தேன். அவர் அமைதியாக, "பிள்ளை வெளியே சுற்றாமல் வீட்டில் இருக்கிறது ஐயா" என்றார். மறுமொழி எனக்குக் கிட்டவில்லை. அக்கட்டணத்தால் உள்நாட்டுத் தமிழ்க் கலைஞர்க்கு வேலை கிடைத்ததும் மெய்யே. ஆயினும், சென்னைத் தொடர்களின் பேச்சு எம் மாணவர் கட்டுரைகளில் நுழைந்ததையும் சிவப்பு மையால் நானே அடித்திருக்கிறேன்.

2012இல் அந்நிறுவனமே என்ஜோய் என்ற பெயரில், பெட்டியும் தட்டும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணமின்றிச் சில அலைவரிசைகளைக் காணும் வழியை வகுத்தது. கட்டணம் செலுத்த இயலாமல் இணைப்பு நின்றுபோன வீடுகள் பல அதற்கு மாறின.

இந்நிலையில்தான் மின்னிலக்க மாற்றம் வந்து சேர்ந்தது. பழைய முறையில் ஓர் அலைவரிசைப் பாதையில் ஒரு நிகழ்ச்சியே செல்லும். புதிய முறையில் படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டுச் சுருங்குவதால் பல நிகழ்ச்சிகள் ஒரே பாதையில் செல்லும். மிச்சமாகும் பாதையைக் கைப்பேசிச் சேவைக்கு அளிக்கலாம். உலக நாடுகள் இதில் முனைந்ததன் காரணம் இதுவே. மலேசியாவில் மைடிவி நிறுவனம் 2017 ஜூன் மாதம் இவ்விலவசச் சேவையைத் தொடங்கிற்று. பழைய ஒளிபரப்பு முதன்முதல் நிறுத்தப்பட்ட இடம் எம் கெடா மாநிலத்து லங்காவித் தீவேயாகும். நாள் 2019 ஜூலை 21. அவ்வாண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் அது நின்றது.

அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்குப் பெட்டி இலவசமாக வழங்கப்பட்டது. ஆனால் பெட்டி மட்டும் போதாதென்பதைப் பலர் பின்னரே உணர்ந்தனர். புதிய அலை யூஎச்எஃப் என்னும் வகையினது. பழைய மீன்முள் வாங்கிகளுள் பல அதற்கு உதவவில்லை. மற்றொன்றும் உண்டு. பழைய அலை இளைத்தால் படம் புள்ளி விழுந்தாவது தெரியும். மின்னிலக்க அலை ஓர் அளவுக்குக் கீழே இளைத்தால் திரை முற்றிலும் இருண்டுவிடும். மூவராய்த் தெரிந்த பாடகர் இப்போது தெரியவே மாட்டார். தமிழ்நாட்டில் 2006இல் பதவியேற்ற அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாய்க் கொடுத்தபோதும், கேபிளுக்கு மாதப் பணம் மக்களே கட்டினர் என்பது என் நினைவுக்கு வந்தது.

என் தாயார் முப்பதாண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பாலிங் அருகே மலிவுவிலை வீட்டில் தனித்து வாழ்கிறார். திரை இருண்ட அன்று நான் கட்டணச் சேவைக்கு மனுச் செய்ய முற்பட்டேன். அவர் மறுத்தார். பணத்தைக் கருதியே மறுக்கிறார் என்றெண்ணி வற்புறுத்தினேன்.

"அதுல வர்ற ஊரு எனக்குத் தெரியாதுப்பா. நியூஸ்ல வர்ற ஊருதான் தெரியும். கூலிம்ல வெள்ளம்னா யாருக்குன்னு தெரியும்" என்றார்.

இந்நாட்டில் பிறந்து, தமிழகத்தை ஒருமுறையும் காணாத அவருக்கு, நாளொன்றுக்குச் சில நிமிடமே வரும் நம் நாட்டுத் தமிழ்ச் செய்தி, நாள்முழுதும் ஓடும் தொடர்களைவிடப் பெரிதாய் இருந்தது. நாற்பதாண்டு ஆசிரியப் பேச்சு கேட்டுப் பழகிய வீட்டில், அன்று பாடம் நடத்தியவர் அவரே. யூஎச்எஃப் வாங்கி ஒன்றை வாங்கி, இரும்புக் குழாயில் கட்டி, நானே கூரையேறினேன். ஐம்பது வயதைக் கடந்த தலைமையாசிரியர் கூரைமேல் நிற்பதைக் காண எதிர்வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டனர். உள்ளிருந்து பழைய குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்."

ஓராண்டு கழியுமுன் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டன. 1972 முதல் கல்வித் தொலைக்காட்சி நடத்திப் பழகிய கல்வியமைச்சு, 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்னும் அலைவரிசையைத் தொடங்கிற்று. இணையமும் கைப்பேசியும் இல்லாத என் மாணவர் வீடுகளைப் பட்டியலிட்டபோது, எந்த வீட்டில் எந்தப் பெட்டி உள்ளது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். என்ஜோய்த் தட்டு உடையவை சில. இலவசப் பெட்டி உடையவை சில. பெட்டி இருந்தும் வாங்கி பொருந்தாமல் இருண்டு கிடந்தவை ஐந்து. அவ்வைந்து வீடுகளுக்கும் எம் ஆசிரியர்கள் தம் கைப்பொருளால் வாங்கி பொருத்தினர்.

தாயார் இன்றும் செய்தி தொடங்குமுன் நாற்காலியில் அமர்ந்துவிடுவார். முடிந்ததும் எழுந்து சுவரிலுள்ள விசையையே அணைத்துவிடுவார்; மின்கட்டணம் கட்டுபவன் நானல்லவா?