ஐக்கிய இராச்சிய மருத்துவமனைகளில் புகைத்தடை

ஐக்கிய இராச்சியத்தின் மருத்துவமனைகளில் புகைத்தடை ஒரே சட்டத்தால் ஒரே நாளில் வந்ததன்று. முதலில் வார்டு, பிறகு கட்டடம், அதன்பின் வாயில், கடைசியாகத் தோட்டம் என்று பல பத்தாண்டுகளில் படிப்படியாக விரிந்தது. பொது மருத்துவமனைகளைவிட மனநல மருத்துவமனைகளில் இத்தடை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது; நீதிமன்றம் வரையிலும் சென்றது. நோயாளருக்கும் பணியாளருக்கும் அது செய்த நன்மையும், கூடவே கொண்டுவந்த சிக்கலும் அங்கேதான் தெளிவாகத் தெரியவந்தன.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவமனைக்குள் சிகரெட் புகைப்பது இயல்பான காட்சி. வார்டுகளில் சாம்பல் கிண்ணங்கள் இருந்தன. போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்க்கு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுப்பது ஆறுதல் செயலாகவே கருதப்பட்டது. மருத்துவர்களும் பெருமளவில் புகைத்தனர்.

1950இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் இருவரும் இலண்டன் மருத்துவமனை நோயாளரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய்க்குச் சாலைத் தார் காரணமாகலாம் என்றே டால் முதலில் ஐயுற்றார். ஆனால் அந்நோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர் மட்டுமே. ஆய்வு முடியும் முன்பே டால் தம் புகைப்பழக்கத்தைக் கைவிட்டார். 1951இல் இருவரும் நாட்டின் மருத்துவர்களுக்கே வினாத்தாள் அனுப்ப, ஏறத்தாழ 40,000 பேர் விடையளித்தனர். அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஐம்பதாண்டு முடிவு, விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்ததைக் காட்டியது. ஐம்பது வயதில் பழக்கத்தை விட்டவர்கள்கூட அதில் ஆறு ஆண்டுகளை மீட்டனர். புகையின் தீமையை மருத்துவ உலகம் தன் சொந்த இறப்புக் கணக்கிலிருந்தே படித்தது எனலாம்.

1962இல் அரச மருத்துவர் கல்லூரி புகைத்தல் குறித்த தன் அறிக்கையை வெளியிட்டது. மருத்துவர்களிடையே பழக்கம் விரைவாகக் குறைந்தது. ஆனால் அறிக்கை வந்தும், மருத்துவமனையில் புகைப்பதை நாடு முழுவதும் சட்டத்தால் தடுக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கட்டடத்திலிருந்து வாயிலுக்கு

மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் சட்டம் 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்திலும், 2007 ஏப்ரலில் வேல்சிலும் வட அயர்லாந்திலும், அவ்வாண்டு ஜூலை 1 அன்று இங்கிலாந்திலும் நடைமுறைக்கு வந்தது. கட்டடம் தூய்மையானது, புகை வாயிலுக்கு இடம்பெயர்ந்தது. சொட்டுமருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்த நோயாளரும், இடைவேளையில் வந்த ஊழியரும் நுழைவாயிலில் கூடினர். மூச்சுத்திணறலோடு வருபவர் அந்தப் புகையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. திறந்தவெளிக்குச் சட்டம் பொருந்தாததால், காவலரும் செவிலியரும் வேண்டுகோள் விடுப்பதைத் தவிர அதிகம் செய்ய இயலவில்லை. சினங்கொண்டவரின் வசவும் அவர்களுக்கே கிடைத்தது.

இந்த இடைவெளியை வேல்ஸ் 2021 மார்ச்சில் மருத்துவமனை வளாகம் முழுவதையும் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து அடைத்தது. ஸ்காட்லாந்து 2022 செப்டம்பரில் கட்டடத்திலிருந்து 15 மீட்டர் வரையிலான பகுதியில் புகைப்பதைக் குற்றமாக்கியது.

அறுவை சிகிச்சைக்கு வருபவருக்குச் சில வார விடுப்பே பயன் தரும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. இரண்டும் விலகும்போது காயம் நன்றாக ஆறுகிறது.

மனநல மருத்துவமனைகள்

மனநல மருத்துவமனைகளுக்கு இங்கிலாந்துச் சட்டம் 2008 ஜூலை வரை ஓராண்டு விலக்கு அளித்தது. அங்கே சிகரெட் வெறும் பழக்கமன்று. நாளின் கால அட்டவணையே அதைச் சுற்றி அமைந்திருந்தது. நோயாளரை அமைதிப்படுத்தவும், சொன்னபடி நடந்தால் பரிசளிக்கவும், பேச்சைத் தொடங்கவும் அது கருவியாயிற்று. செவிலியரின் வேலை நேரத்தில் ஒரு பகுதி நோயாளரைப் புகைக்க அழைத்துச் செல்வதிலேயே கழிந்தது. தடை வந்தால் வன்முறை பெருகும் என்று பணியாளர் பலர் அஞ்சினர். அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அடி வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

நோயாளர் தரப்பு வாதமும் வலுவானது. பொது மருத்துவமனை நோயாளர் வெளியே நடந்து போகலாம். சட்டப்படி அடைத்து வைக்கப்பட்டவர் எங்கே போவார்? நாட்டிங்காம்சயரின் ராம்ப்டன் உயர்பாதுகாப்பு மருத்துவமனை நோயாளர் இக்கேள்வியுடன் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம் 2008இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக 2009இலும் அவர்கள் கோரிக்கையை நிராகரித்தன. ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் அரசு மருத்துவமனை 2011 இறுதியில் வளாகம் முழுவதும் தடை விதித்தபோது இன்னொரு வழக்கு எழுந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் நுட்பமான கோடு ஒன்றைக் கிழித்தது: வளாகத்தில் புகைப்பதைத் தடுக்கலாம், ஆனால் உரிய விதிமுறைகளைப் பின்பற்றாமல் புகையிலை வைத்திருப்பதையே தடைசெய்ததும், அதற்காகச் சோதனையிட்டுப் பறிமுதல் செய்ததும் சட்டப்படி செல்லாது.

தடையை ஆதரித்தவர்களுக்கு அழுத்தமான காரணம் ஒன்று இருந்தது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர். அதில் புகைத்தலின் பங்கு பெரிது. பிறருக்கெல்லாம் புகையை விட உதவிவிட்டு, இவர்களுக்கு மட்டும் சிகரெட்டே ஆறுதல் என்று விட்டுவிடுவது இரக்கமா, கைவிடலா என்று அவர்கள் கேட்டனர்.

2013இல் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் மனநல மருத்துவமனைகள் உட்பட எல்லா வளாகங்களையும் புகையற்றதாக்கப் பரிந்துரைத்தது. வெறும் தடை போதாது, நிகோடின் ஒட்டுப்பட்டை முதலிய உதவிகள் சேர்ந்தே வரவேண்டும் என்றது. 2014 அக்டோபரில் தென் இலண்டன் மாட்ஸ்லி மனநல மருத்துவமனைகள் அவ்வாறே செய்தன. 2017இல் வெளியான ஆய்வின்படி, தடைக்குப் பின் மாதாந்தர உடல் தாக்குதல்கள் 39 விழுக்காடு குறைந்தன. இக்குறைவு முழுவதற்கும் தடையே காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் வன்முறை பெருகும் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. சிகரெட்டுக்காகக் காத்திருப்பதும், மறுக்கப்படுவதும், கடன் கேட்பதும், மிரட்டிப் பறிப்பதுமே பழைய வார்டுகளில் சண்டைக்கு வித்திட்டன என்பதை நினைவிற்கொண்டால் இது வியப்பல்ல.

மருந்தளவுச் சிக்கல்

வாசகர் பலரும் எதிர்பாராத விளைவு கல்லீரலில் நிகழ்கிறது. சிகரெட் தாரிலுள்ள சில கரிமச் சேர்மங்கள், மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியைத் தூண்டுகின்றன. குளோசபின், ஓலான்சபின் ஆகிய மருந்துகள் அந்த நொதியால் சிதைபவை. எனவே புகைப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. அவர் சேர்க்கப்பட்ட அன்றே புகைப்பதை நிறுத்தினால் நொதி சில நாட்களில் தணிந்து, அதே மாத்திரை இரத்தத்தில் மிகுந்துவிடும். குளோசபின் மிகுந்தால் கடும் மயக்கமும் வலிப்பும் வரலாம். இந்த வேலையைச் செய்வது தாரே அன்றி நிகோடின் அன்று. ஆகவே ஒட்டுப்பட்டை இதைத் தடுக்காது. இதனால் புகையற்ற வார்டில் இரத்த அளவைச் சோதித்து மருந்தைக் குறைப்பது தவிர்க்க முடியாத பணியாயிற்று. வீடு திரும்பியவர் மீண்டும் புகைத்தால் எல்லாம் தலைகீழாகும்: மருந்து போதாமல் நோய் திரும்பக்கூடும். குறைத்த அளவு, வெளியேறும்போது அவர் புகைக்கிறாரா இல்லையா என்ற இரண்டும் குடும்ப மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.