பூட் ஆகும்போது ஒரு பூட்டு

கம்ப்யூட்டர் பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. லினக்ஸ்னு சொன்னாலே அடுத்த பக்கம் தாவுறவங்களும் இன்னிக்குக் கொஞ்சம் இருங்க. இது பாதி சரித்திரம், பாதி எங்க ஊர் சங்கதி. எங்க ஊர்னா பிளவக்கல் அணைப் பக்கம். 2025-ல ரீல்ஸ்ல பிரபலமாச்சே கூமாபட்டி, அதுக்குப் பக்கத்துலதான் :-)

கேள்வி ஒண்ணுதான். நாம காசு கொடுத்து வாங்கின கம்ப்யூட்டர்ல எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடணும்னு யார் முடிவு பண்றது?

1986-ல லாகூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் 'பிரெய்ன்'னு ஒரு வைரஸ் எழுதினாங்க. அது உட்கார்ந்த இடம் பிளாப்பியோட பூட் செக்டார். ஆபரேட்டிங் சிஸ்டம் கண் முழிக்கிறதுக்கு முன்னாடியே இது முழிச்சுக்கும். வீட்டுக்காரன் எழுந்திருக்கும் முன்னாடி திருடன் உள்ளே வந்து உட்கார்ந்துட்டா யாரு பிடிக்கிறது? கால் நூற்றாண்டு கழிச்சும் இந்தத் தொல்லை ஓயலை. 2011-ல மெப்ரோமின்னு ஒண்ணு பயாஸுக்குள்ளேயே போய் ஒளிஞ்சுக்கிச்சு.

அதுக்கு மருந்தா வந்ததுதான் செக்யூர் பூட். பயாஸுக்குப் பதிலா வந்த யூஈஎஃப்ஐ-யில, 2011-ல வந்த 2.3.1 பதிப்பில் இதுக்கு முழு உருவம் கிடைச்சது. வேலை எளிது. மதர்போர்டுல சில சாவிகள் பதிஞ்சிருக்கும். அந்தச் சாவியால கையெழுத்துப் போட்ட நிரலை மட்டும் ஓட விடும், மத்ததை வாசல்லயே நிறுத்திடும்.

அந்தச் சாவி யாரோடது? கிட்டத்தட்ட எல்லா மெஷின்லயும் மைக்ரோசாஃப்டோடது. 2012 அக்டோபர் 26-ல விண்டோஸ் 8 வந்தப்போ, அதோட லோகோ ஒட்டி விக்கிற கம்ப்யூட்டர்ல செக்யூர் பூட் ஆன்ல இருக்கணும்னு விதி போட்டாங்க. ரெட்ஹேட்ல இருந்த மேத்யூ காரெட் 2011 செப்டம்பர்லயே இந்த ஆபத்தை எழுதிட்டார். இன்டெல், ஏஎம்டி மெஷின்ல பயனர் அதை அணைக்க வழி இருக்கணும்னு விதியில சேர்த்தாங்க. ஏஆர்எம் சில்லு வெச்ச விண்டோஸ் டேப்லெட்டுக்கு நேர் எதிர் விதி: அணைக்கவே கூடாது. 2015-ல விண்டோஸ் 10 வந்தப்போ, அணைக்கிற வழி வைக்கிறதும் வைக்காததும் தயாரிப்பாளர் இஷ்டம்னு ஆயிடுச்சு.

பிளவக்கல்ல பெரியாறு, கோவிலாறுனு ரெண்டு அணை. மதகுக்குப் பூட்டே வேண்டாம்னு எந்த சம்சாரியும் சொல்ல மாட்டார். ஆனா தண்ணி திறக்கணும்னா கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாம். செக்யூர் பூட் கதையில மதகு நம்ம வீட்டு மேஜையில, சாவி ரெட்மண்ட்ல.

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம். எல்காட் நிறுவனத்தை 2006-லிருந்து நடத்தின உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த ஆபீஸையே சூசே லினக்ஸுக்கு மாத்தினார். பள்ளிக்கூடங்களுக்கும் ஆயிரக்கணக்குல சூசே மெஷின்கள் போச்சு. சென்னை சீ-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் 2007-ல வந்தது. 2011 செப்டம்பர் 15-ல ஜெயலலிதா தொடங்கிவெச்ச இலவச லேப்டாப் திட்டத்துக்கு முதல் வருஷம் மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். அதுல விண்டோஸும் பாஸும் அக்கம்பக்கமா இருந்தது. ஒரே மெஷின், ரெண்டு வாசல். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு 2014 ஏப்ரல்ல முடியப் போகுதுன்னதும், அரசு அலுவலகங்கள் பாஸுக்குப் போகலாம்னு அந்த ஜனவரியில உத்தரவும் வந்தது. லினக்ஸ் போடறது இங்கே பைத்தியக்கார வேலை இல்லைன்னு சொல்லத்தான் இவ்வளவும்.

அதே 2012-ல பூட்டுக்கு ஒரு வழியும் கண்டுபிடிச்சாங்க. காரெட் 'ஷிம்'னு ஒரு சின்ன நிரல் எழுதி மைக்ரோசாஃப்ட்கிட்டயே கையெழுத்து வாங்கினார். அது உள்ளே போய் மத்த லினக்ஸுக்குக் கதவைத் திறந்துவிடும். இதுக்கு ஒரு அருமையான யோசனை கொடுத்தது சூசேகாரங்க: 'மெஷின் ஓனர் கீ'. மெஷினோட சொந்தக்காரர் தன் சாவியையும் பதிஞ்சுக்கலாம்.

இதை நேர்ல பார்த்தேன். தெருவுல ஒரு பொண்ணு, அப்பாவுக்கு ராஜபாளையத்துல மில் வேலை. காலேஜுக்காக ஏதோ ஆபீஸ் கழிச்சுவிட்ட லேப்டாப் வாங்கினாங்க. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, 11-க்கு அந்த மெஷின் தகுதி இல்லை. பயாஸுக்கோ யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டு. அணைக்க வழியில்லை. கைவசம் இருந்த பழைய லினக்ஸ் மின்ட் பென்டிரைவைச் சொருகினா, ஷிம் சரிபார்ப்பு தோல்வின்னு சொல்லி மெஷின் அணைஞ்சு போச்சு. 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களைத் தடை பண்ணிட்டதால வந்த வினை. புது மின்ட் இறக்கிப் போட்டதும் செக்யூர் பூட் ஆன்லயே இருக்க, சமர்த்தா ஓடுச்சு. வைஃபை டிரைவருக்காக மறுபடி பூட் ஆனப்போ நீலத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"இதுல ஓனர்னா யாரு மாமா?"

"நீதான் தாயி. நிறுவும்போது நீ கொடுத்த பாஸ்வேர்டை அடி."

அடிச்சா. திறந்துச்சு.

எனக்குப் பூட்டு மேல கோபம் இல்லை. 2023-ல பிளாக்லோட்டஸ் மாதிரி திருடன் வந்தப்புறம் பூட்டே வேண்டாம்னு எப்படிச் சொல்றது? ஆனா மைக்ரோசாஃப்டோட 2011 சாவிச் சான்றிதழ்களுக்கு ஆயுசே 2026 வரைக்கும்தான். புதுச் சாவி பதியாத மெஷின்ல, அதை மட்டும் நம்பி வர்ற புது ஷிம் ஓடாது. பழைய மெஷினுக்கு யார் பயாஸ் அப்டேட் கொடுப்பாங்க? சொந்தக்காரர் கையில ஒரு சாவி கட்டாயம் இருக்கணும்னு கேட்கிறது இதுக்காகத்தான்.

பரண்ல அரசு லேப்டாப் கிடந்தா இறக்கித் தூசி தட்டுங்க. பேட்டரி போயிருந்தாலும் பாதகமில்லை. எந்த லினக்ஸ் ஓடுச்சு, எது மக்கர் பண்ணுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, அடுத்தவங்களுக்கு உதவும்.

டிஸ்கி: செக்யூர் பூட்டை அணைக்கும் முன்னாடி, விண்டோஸ்ல பிட்லாக்கர் ஓடுதான்னு பாருங்க. ஓடினா ரெகவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. இல்லைன்னா அடுத்த தடவை விண்டோஸ் அதைத்தான் முதல்ல கேட்கும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது :-)