வாயற்ற வாதி

அரியாங்குப்பம் ஆறு கடலை அணுகுமுன், காக்காயந்தோப்பை ஒட்டி, அரிக்கமேடு என்னும் மேட்டு நிலத்தைத் தழுவிச் செல்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமாபுரியோடு வாணிபம் செய்த துறை இதுவே என்று உலகுக்கு அறிவித்த அம்மேட்டின் ஓரத்தை ஆற்றுநீர் சிறிது சிறிதாகக் கரைத்து வந்திருக்கிறது. கரை சரிந்த இடத்தில் பழஞ்செங்கற்கள் தலைகாட்டும், மழை ஓய்ந்தபின் மண்ணில் வண்ணமணிகள் மின்னும். வாழ்வித்த ஆறே வாரிக்கொண்டும் போகிறது என்று இதற்கு ஒருவாறு சமாதானம் கூறிக்கொள்ளலாம். அதே ஆற்றின் முகத்துவாரத்தில் மனிதர் செய்த காரியத்துக்கு அத்தகைய சமாதானம் கூறுவது எளிதன்று.

1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்தின் பொருட்டு அங்கே கருங்கல்லாலான அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதியும் இக்கடலோரத்து மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி யாத்திரை செய்வது பிரகிருதியின் நியதி. அந்த யாத்திரையைக் கல் மறித்ததும், தெற்கே வீராம்பட்டினத்துக் கரை அகன்றது. வடக்கே புதுச்சேரி நகரின் மணற்கரை கரைந்து பாறைக்குவியலே மிஞ்சியது. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்ட தந்திராயன்குப்பம் முதலிய மீனவர் ஊர்களைத் தொட்டது. ஓரூருக்குக் கிடைத்த மணல் மற்றோர் ஊர் இழந்த மணல் என்னும்போது, இவ்வழக்கில் வாதி யார், பிரதிவாதி யார்?

வழக்குத் தீர்க்கும் சபை இக்கரைக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையின் பட்டினவர் என்னும் மீனவரின் கிராமங்களில், நாட்டார் தலைமையில் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து, இன்ன வலை கூடாது, இன்ன தொழில் பிறர் பிழைப்பைக் கெடுக்கும் என்று விதித்து, மீறியவனுக்கு அபராதம் போடும் அதிகாரத்தைச் சர்க்காரின் சாசனம் எதுவுமின்றித் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தி வந்திருக்கிறது. ஆயினும் அதன் ஆணை ஊரெல்லையோடு நின்றுவிடும். மணலோ எல்லைகளை அறியாது.

மனிதரல்லாத ஒன்று நியாயஸ்தலத்தில் வாதியாக நிற்பதும் நம் நாட்டுக்கு நூதனமன்று. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தார் தங்கள் குலதெய்வத்தின் பூஜையுரிமை பற்றிப் பிணங்கியபோது, விக்கிரகம் கைமாற்றத்தக்க வெறும் உடைமையன்று, சட்டத்தின்முன் அதுவும் ஒரு நபரே; அதன் நலனை எடுத்துரைக்க அப்பிணக்கில் சுயலாபம் இல்லாத ஒருவர் வேண்டும் என்று 1925-இல் லண்டன் பிரிவி கௌன்சில் கூறிற்று. தெய்வத்துக்குப் பொருந்திய இந்த நியாயம் மரத்துக்கும் ஆற்றுக்கும் ஏன் பொருந்தலாகாது என்ற கேள்வியை, 1972-இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸ்டோன் தம் வழியில் எழுப்பினார். 2008-இல் ஈக்வடார் தேசம் இயற்கையின் உரிமையைத் தன் அரசியல் சாசனத்திலேயே பொறித்தது. அத்தேசத்துத் தலைநகர் கீட்டோவில் 2014 ஜனவரியில், இயற்கையின் உரிமைகளுக்கென்றே பிரஜைகள் கூட்டிய சர்வதேச நியாயசபையின் முதல் அமர்வு, நம் நாட்டுச் சூழலியலாளர் வந்தனா சிவாவின் தலைமையில் நடைபெற்றது.

இத்தகைய சபைகளுக்குச் சிறையும் இல்லை, சேவகனும் இல்லை; சாட்சியத்தைக் கேட்டு, எழுதி, உலகின்முன் வைப்பதொன்றே அவற்றின் வலிமை. அரியாங்குப்பத்துக்குத் தெற்கே, கடலூர்ச் சிப்காட் ஆலைகளின் கழிவையும் நாற்றத்தையும் உப்பனாற்றங்கரை மக்கள் சகித்துவந்த காலத்தில், 1993-இல் தோன்றிய இந்திய மக்கள் தீர்ப்பாயம் அவர்கள் குறையை விசாரித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற ஜே. கனகராஜ் அதை முன்னின்று நடத்த, 2003-இல் அறிக்கை வெளிவந்தது. அங்கே சாட்சிக்கூண்டில் நின்றவர்கள் மனிதர்கள். ஆறு பேசவில்லை, ஆற்றின் கேட்டை அவர்கள் தங்கள் உடம்பாலும் வலையாலும் எடுத்துரைத்தனர்.

ஆற்றையே நபராக்கும் முயற்சி 2017-இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றத்திலிருந்து வந்தது. கங்கையும் யமுனையும் சட்ட நபர்கள் என்ற அத்தீர்ப்பை, பல மாநிலங்கள் வழியே ஓடும் ஆற்றுக்கு ஒரு மாநிலத்து அதிகாரிகள் எவ்வாறு பொறுப்பாவர், வெள்ளத்தால் நேரும் நஷ்டத்தை யார் ஈடுசெய்வர் என்ற ஆட்சேபத்தின்மேல், அவ்வாண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஐந்தாண்டு கழித்து, மேகமலைப் பகுதியின் வனநிலத்துக்குப் பட்டா வழங்கியது சம்பந்தமான ஒரு வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கை அன்னை உயிருள்ளவள், உரிமையும் கடமையும் உடைய சட்ட நபர் என்று அறிவித்தார்.

வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மனின் ஆடித் தேருக்கு, பிரெஞ்சு ஆட்சிக் காலம் தொட்ட வழக்கப்படி, கவர்னரே வந்து வடம் பிடிக்கிறார். பிரிவி கௌன்சில் வகுத்த நியாயப்படி அவ்வம்மன் ஒரு நபர்; அவள் சந்நிதிக்கருகே குவிந்த மணலோ, இயற்கை அன்னை சட்ட நபர் என்ற அறிவிப்புக்குப் பின்னும், நடைமுறையில் வெறும் மண். வீராம்பட்டினத்தார் தங்கள் கரை அகன்றதைச் சொல்வர்; தந்திராயன்குப்பத்தார் தங்கள் கரை போனதைச் சொல்வர்; இரண்டும் மெய்யே. ஆனால் மல்லிக் வீட்டுத் தெய்வத்துக்கு வேண்டியிருந்ததுபோல, அம்மணலுக்கும் பங்காளியல்லாத ஒருவர் வேண்டும். அவர் வந்து நிற்கும் நாளில், இரு ஊர்களின் பிணக்கு ஒரு கடற்கரையின் வழக்காக மாறும்.